தும்பைப் போரும் பட்டா நிலமும்

ஆய்வு மாணவர் ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து கிரிக்கெட் பார்த்தால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. அவரே கணினியில் உத்தி விளையாட்டு ஒன்றில் இரண்டு மணி நேரம் செலவிட்டால் அதற்குப் பெயர் சீரழிவு. பல்கலைக்கழகங்களில் இந்தத் தீர்ப்பை வழங்குவோரில் பெரும்பாலோர் அத்தகைய விளையாட்டை ஒருமுறையும் ஆடியதில்லை. படிக்காத நூலுக்கு மதிப்புரை எழுதுவது குற்றமென்று வகுப்பில் கற்பிப்பவர்கள், இந்த ஒன்றில் மட்டும் தமக்கு விலக்கு அளித்துக்கொள்கிறார்கள்.

டொமினியன்ஸ் என்னும் விளையாட்டைச் சான்றாகக் கொள்ளலாம். சுவீடனைச் சேர்ந்த இல்விண்டர் என்ற மிகச் சிறிய நிறுவனம் உருவாக்கியது. ஆறாம் பதிப்பு 2024 ஜனவரியில் வெளிவந்தது. பல நாட்டுப் புராணங்களிலிருந்து எடுத்த அரசுகள் அதில் உள்ளன. அரக்கர்களின் இலங்கை உண்டு; வானரர்களின் கயிலாசமும் உண்டு. ஆட்டக்காரர்கள் தத்தம் ஆணைகளை மறைவாக அனுப்புவார்கள். அனைத்தும் ஒரே நேரத்தில் நிறைவேறும். போர் மூண்டபின் எவரும் தலையிட இயலாது. படையின் அணிவகுப்பையும், ஒவ்வொரு மந்திரவாதியும் முதலில் செய்யவேண்டிய ஐந்து செயல்களையும் முன்கூட்டியே வகுத்துவைக்கலாம், அவ்வளவே. இரு அரசுகள் செய்துகொள்ளும் உடன்படிக்கை பெரும்பாலும் ஆடுவோரின் நம்பிக்கையையே சார்ந்தது. கொடுத்த சொல்லே காவல்.

வெவ்வேறு நகரங்களில் பயிலும் ஆய்வு மாணவர் எழுவர், நெடுநாள் நண்பர்கள், இதில் ஓர் ஆட்டம் ஆடினர். இரண்டு நாளுக்கு ஒரு சுற்று, 71 சுற்றுகள், ஏறத்தாழ ஐந்து மாதம். இலங்கையை ஆண்டவர் கயிலாசத்தின் மீது படையெடுத்தார். இராவணன் கயிலையைப் பெயர்க்க முயன்ற கதையை அறிந்த எழுவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தனர். ஆனால் போரில் இரக்கம் காட்டப்படவில்லை. உடன்படிக்கையின்படி மூன்று சுற்று முன்னறிவிப்புத் தந்தபின், இலங்கை கயிலாசத்தை ஒரே ஒரு கோட்டைக்குள் ஒடுக்கியது.

கயிலாசத்தை ஆண்டவர் வெல்வதற்கு இனி வழியில்லை. முனைவர் பட்ட வேலையும் அவருக்குக் காத்திருந்தது. ஆயினும் அவர் விலகவில்லை. ஒருவர் விலகினால் அவருடைய அரசைக் கணினி ஏற்று நடத்தும். அது எளிதில் வீழும். அருகிலிருப்பவர் உழைப்பின்றிப் பெருப்பார். ஏனையோரின் பல மாத உழைப்பு பொருளிழக்கும். ஆகவே இருபது சுற்றுகள், நாற்பது நாட்கள், தோற்கப்போகும் கோட்டையிலிருந்து அவர் தவறாமல் ஆணை அனுப்பினார். அந்த முற்றுகையில் இலங்கையின் படை சிக்கிக் கிடந்த இடைவெளியில், தொலைவிலிருந்த உல்ம் என்னும் அரசு வெற்றிக்குரிய அரியணைகளைக் கைப்பற்றி ஆட்டத்தை முடித்தது. மறுநாளே இலங்கையாரும் கயிலாசத்தாரும் இருவர் பிழைகளையும் ஒன்றொன்றாகப் பிரித்தாய்ந்து மற்ற ஐவருக்கும் எழுதினர். தோற்றவரின் குறிப்பு மற்றதைவிட நீளமானது.

விளையாட்டுகளை ஆராய்ந்த யோஹான் ஹூய்சிங்கா, 1938இல் வெளியான தம் ‘ஹோமோ லூடன்ஸ்’ நூலில், ஏமாற்றுபவனையும் ஆட்டத்தைக் கலைப்பவனையும் வேறுபடுத்துகிறார். ஏமாற்றுபவன் விதியை மதிப்பதுபோல் நடிக்கவேனும் செய்கிறான். கலைப்பவனோ ஆட்ட உலகையே உடைத்துவிடுகிறான். சமூகம் பின்னவனையே கடுமையாக வெறுக்கும் என்பது அவர் கருத்து. அந்த நாற்பது நாட்களின் பொருளும் இதுவே: ஆட்டத்தைக் காப்பாற்றியவர் வென்றவர் அல்லர், தோற்றவர்.

கற்றறிந்தோர் எழுப்பும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இவ்வகை விளையாட்டுகளின் அடித்தளமே நிலம் பிடித்தலும் சுரண்டலும் அழித்தலும்தான். ஆகவே இவை காலனிய மனநிலையைப் பயிற்றுகின்றன என்பார்கள். விளையாட்டின் தோற்றத்தைப் பற்றி இது உண்மை. ஆடுவோரைப் பற்றி உண்மையன்று. இந்த வேறுபாட்டைத் தமிழ் இலக்கண மரபு நன்கறியும். மண்ணாசையால் எழும் போரைத் தொல்காப்பியம் வஞ்சி என்கிறது. வலிமையை நாட்டுவதே நோக்கமாக நிகழும் போரைத் தும்பை என்கிறது. எழுவரும் பிடித்த நிலத்தில் ஒரு பிடியும் இன்று எவர் கையிலும் இல்லை. வஞ்சியின் ஆடை அணிந்து அவர்கள் ஆடியது தும்பை. அங்கே எதிரி வலியவனாக இருக்கவேண்டும் என்பதே ஆடுவோரின் விருப்பம். மெலிந்தவனை வீழ்த்துவதில் பெருமையில்லை.

வஞ்சிப் போர் உண்மையில் நடக்கும் இடம் வேறு. இது என் காலகட்டம், இது என் புலவர், இந்தக் கல்வெட்டுகள் எனக்குரியவை என்று ஆய்வுக்களத்தைப் பட்டா நிலமாக்கி வேலியடைக்கும் இடம் அது. கருத்தரங்க மேடையில் ‘அருமையான கட்டுரை’ என்ற ஒற்றை வாக்கியம். தேநீர் இடைவேளையில் அதே கட்டுரையைப் பற்றிய எள்ளல். பெயர் மறைத்த மதிப்பீட்டு அறிக்கையில் மூன்று வரிக் கொலை. முகத்துக்கு நேரே மறுத்துரைக்க ஒருவரும் இல்லாததால், தன் வாதத்தின் ஓட்டையை இளம் ஆய்வாளர் வாய்மொழித் தேர்வன்று முதன்முதலாக அறிகிறார். அல்லது நூல் அச்சேறியபின் அறிகிறார். நாகரிகம் என்ற பெயரில் அவருக்கு இழைக்கப்படுவது அநீதி. நண்பனிடம் தோற்றுக்கொடுப்பது அவனை ஆட்டத்துக்குத் தகுதியற்றவனாகக் கருதுவது. கட்டுரையை எதிர்க்காமல் புகழ்வதும் அதுவே.

விளையாட்டில் எழுவரும் ஒரு தலைநகரோடு சமமாகத் தொடங்கினர், பல்கலைக்கழகத்தில் அந்தச் சமநிலை இல்லை என்று கூறலாம். மறுப்பதற்கில்லை. பணியிடங்கள் சில, கேட்போர் பலர். நெறியாளரின் கையொப்பத்தில் மாணவரின் பிழைப்புத் தொங்குகிறது. அவ்வாறிருக்க, துணிந்து எதிர்வாதம் செய்யுமாறு மாணவருக்கு அறிவுரை கூறுவது வீண். கோட்டையும் கொடியும் உடையவர்களே முதலில் செய்யவேண்டியது ஒன்று உண்டு: தம் மாணவர் அவையறியத் தம்மை மறுக்கும்போது அதன் விலையை அவர் தலையில் ஏற்றாதிருப்பது. மறுக்கப்பட்ட மறுநாள், தம் பிழையைத் தாமே எழுதி எல்லோருக்கும் அனுப்புவது.

கயிலாசத்தை ஆண்ட மாணவருக்கு இது முடிந்தது. பேராசிரியர்களுக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு விடை சொன்னபின், மாணவர்கள் பொழுதை வீணாக்குவது பற்றிப் பேசலாம்.