காடைத் தீவனமும் தாது உப்பும்

தீவன விலை ஏறுங்கால் தாது உப்பைக் குறைக்கும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. 1974-இல் இந்தியாவுக்கு வந்த ஜப்பானியக் காடை, 7 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, ஏறத்தாழ நாளுக்கொன்றாக 10 கிராம் முட்டையிடுகிறது. ஓடு முழுவதும் பெரும்பாலும் சுண்ணாம்பே. தீவனத்தில் அது குறைந்தால் பறவை தன் எலும்பையே கரைத்துத் தரும். பின்னர் ஓடு மெலியும், கால் தளரும். முட்டைக் காடையின் தீவனத்தில் கால்சியம் நூற்றுக்கு 3 பங்களவு வேண்டும். குஞ்சுக்கு 1 பங்குக்கும் குறைவே போதும். ஆகவே இரண்டிற்கும் ஒரே மூட்டை ஆகாது. கிளிஞ்சல் தூளில் மிச்சம் பிடிப்பது, ஊடை நூலைக் குறைத்துச் சேலை நெய்வதை ஒக்கும். டி. கல்லுப்பட்டி வட்டார அங்கத்தினர்கள் தனித்தனியே வாங்கி அல்லலுறாமல், சத்தளவு குறித்த தாது உப்பைச் சங்கத்தின் வழியாக மொத்தமாகத் தருவித்துக்கொள்ள முன்வர வேண்டுமென வற்புறுத்துகிறோம்.