'நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா!' - பாசத்தில் சொல்லி, பெற்றோரின் தெம்பைப் பறிக்கிறோமா?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 60 வயது தாண்டியதும் நம் வீடுகளில் ஒரு வசனம் ஆரம்பிக்கும். "கடைக்கு நான் போறேன், நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா." "எதுக்கும்மா மாவு ஆட்டிக்கிட்டு? பாக்கெட் மாவு வாங்கிக்கலாம்." "பேங்க் வேலையா? போனைக் குடுங்க, ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடறேன்."

எல்லாமே அக்கறையில் சொல்வதுதான். பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்த்தால் அந்த அக்கறை ஆப் வழியாக வரும். மளிகை வாசலுக்கே வந்துவிடும், மாத்திரையும் வந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை 'ஃபுல் பாடி செக்கப்' ஆள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவார். ரிப்போர்ட் நம் வாட்ஸ்அப்புக்கு வரும். சுகர் கன்ட்ரோல், பி.பி நார்மல். நமக்கு நிம்மதி.

அந்த ரிப்போர்ட்டில் வராத சில கேள்விகள் இருக்கின்றன. அம்மா கடைசியாக எப்போது தெருமுனை தாண்டிப் போனார்? அப்பாவிடம் கடைசியாக யார் யோசனை கேட்டார்கள்? தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா? அவர்கள் செய்யாவிட்டால் நின்றுபோகும் வேலை என்று வீட்டில் ஏதாவது ஒன்று இருக்கிறதா?

வயதான காலத்தில் உடம்பை டாக்டரிடமும் மனசைக் கோயிலிடமும் ஒப்படைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டும் தனித்தனி டிபார்ட்மென்ட் கிடையாது. பயன்படுத்தாத தசை கரைகிற மாதிரி, யாருக்கும் தேவைப்படாத மனமும் சுருங்கும். ஒன்று சுருங்கினால் இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு போகும். 'ரெஸ்ட் எடுங்க' என்பது இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போடப்படும் பிரேக்.

'தெம்பு' எங்கே இருக்கிறது?

தமிழில் 'தெம்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. காய்ச்சலில் இருந்து எழுந்தவர் "இப்போ கொஞ்சம் தெம்பா இருக்கு" என்றால் உடம்பைச் சொல்கிறார். கஷ்டத்தில் இருப்பவர் "நீ வந்தது தெம்பா இருக்கு" என்றால் மனசைச் சொல்கிறார். இரண்டுக்கும் ஒரே சொல். பேச்சு வழக்கில் நம்ம பாட்டிகள் பிரிக்காமல் வைத்திருந்ததை, நாம் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் ஒரு பக்கம், பக்தி சேனல் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டோம்.

இன்னொரு சொல்லும் சிக்கலானது: 'ஓய்வு'. வேலையில் இருந்து விலகுவதற்கும் சும்மா படுத்திருப்பதற்கும் நமக்கு ஒரே வார்த்தைதான். அதனால் பணி ஓய்வு பெற்றவர் ஓய்வாகத்தான் இருக்க வேண்டும் என்று வீடே முடிவு செய்துவிடுகிறது.

பத்து நாள் படுத்தால் என்ன ஆகும்?

2007-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. சராசரி வயது 67. நோய் எதுவும் இல்லாத 12 பேர். பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். முடிவில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கே, பத்தே நாளில் இந்தக் கதி.

நம் வீட்டுப் பெரியவர்கள் பத்து நாள் தொடர்ந்து படுத்தே இருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் படுக்கை, சோபா, சாப்பாட்டு மேஜை, மறுபடி சோபா என்று ஓடும் நாளில் கால்களுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது? தொடைத் தசை பலவீனமானால் எழும்போது தடுமாற்றம் வரும். தடுமாறினால் பயம் வரும். பயத்தில் நடப்பது குறையும், நடை குறைந்தால் தசை இன்னும் குறையும். இந்த வட்டத்தில் உடம்பு எங்கே முடிகிறது, மனசு எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியாது.

சரி, 'இனிமே என்ன பண்ண முடியும், வயசாயிடுச்சு' என்று விட்டுவிடலாமா? 1990-ல் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வாரப் பயிற்சியை முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. கைத்தடி இல்லாமல் நடக்காத இரண்டு பேர் தடியை ஓரம் வைத்தார்கள். 90 வயதிலும் வேலை கொடுத்தால் தசை கேட்கிறது. நாம்தான் கொடுப்பதில்லை.

ஒரு பூந்தொட்டிக் கதை

மனசுக்கும் இதே விதிதானா? 1976-ல் எல்லென் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பரிசோதித்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "உங்க அறையை எப்படி வைக்கணும், என்னைக்குப் படம் பார்க்கணும் எல்லாம் உங்க முடிவு" என்று சொல்லி, ஆளுக்கு ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றுவதும் அவர்கள் பொறுப்பு. இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கிடைத்தது, ஆனால் "நர்ஸ் பார்த்துக்குவாங்க, நீங்க கவலைப்படாதீங்க" என்று சொல்லப்பட்டது.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது முதல் மாடிக்காரர்கள் அதிகச் சுறுசுறுப்பாக, சந்தோஷமாக இருந்தார்கள். மற்றவர்களோடு பேசுவதும் கூடியிருந்தது. ஒன்றரை வருடம் கழித்து இறப்பு எண்ணிக்கையிலும் வித்தியாசம் இருந்ததாகச் சொல்லப்பட்டது. ஆனால் அந்தப் புள்ளியியல் கணக்கில் பிழை இருந்தது என்று பின்னர் திருத்தம் வெளியானது, அதனால் அதை விட்டுவிடலாம். மிச்சமிருக்கும் விஷயமே நமக்குப் போதும். இரண்டு மாடிகளுக்கும் செடி கிடைத்தது, ஒன்றுக்குத்தான் பொறுப்பு கிடைத்தது.

அந்த இரண்டாவது மாடியின் வசனத்தை மறுபடி படித்துப் பாருங்கள். "நீங்க கவலைப்படாதீங்க, நாங்க பார்த்துக்குறோம்." எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லை?

ஜப்பானில் 43,000-க்கும் மேற்பட்டவர்களை ஏழு ஆண்டுகள் கவனித்து 2008-ல் வெளியான ஓசாகி ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. வாழ்வதற்கு ஒரு பிடிப்பு இருக்கிறது என்று சொன்னவர்களைவிட, இல்லை என்று சொன்னவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. பிடிப்பு இல்லாததால் உயிர் போனதா, உடம்பு முடியாமல் போனதால் பிடிப்பு போனதா என்று இப்படியான ஆய்வால் முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமே நடக்கலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

உடம்பு, மனசின் கதவைச் சாத்தும்போது...

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, 'அப்போ மனசு இளமையா இருந்தா எல்லாம் சரியாகிடும்' என்று யாராவது ஃபார்வர்டு மெசேஜ் தயார் செய்தால், அதையும் மறுக்க வேண்டியிருக்கிறது. மூட்டு தேய்ந்தவரிடம் "பாசிட்டிவா இருங்க" என்று சொல்வது ஆறுதல் ஆகாது. அது பழியை அவர் தலையிலேயே கட்டுவது.

பல வீடுகளில் மனசு சுருங்குவதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமான உடல் பிரச்னை. காது மந்தமாகிவிடும். நாலு பேர் பேசும் இடத்தில் பாதி புரியாது. 'என்ன, என்ன' என்று கேட்க வெட்கப்பட்டுப் பேச்சைக் குறைத்துக்கொள்வார். வீட்டில் உள்ளவர்கள் "இப்பெல்லாம் அப்பா எதுலயும் பட்டுக்கறதே இல்ல" என்பார்கள். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு காது கேட்கும் கருவியாக இருக்கலாம். மறதி நோய் பற்றி 2024-ல் லான்செட் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. உடற்பயிற்சி இன்மை, மனச்சோர்வு, தனிமை, கேட்புத்திறன் இழப்பு, சரிசெய்யப்படாத பார்வைக் குறைபாடு எல்லாமே ஒரே பட்டியலில் இருக்கின்றன. அந்த 14 காரணிகளையும் கையாண்டால் உலகில் சுமார் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. சிறுநீரை அடக்க முடியாத பிரச்னை. வழியில் பாத்ரூம் இருக்குமா என்ற பயத்திலேயே கல்யாணம், கோயில், பஸ் பயணம் எல்லாவற்றையும் தவிர்க்கும் பெண்கள் ஏராளம். "முடியலடா, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்வார்கள். நாமும் நம்பிவிடுவோம். பயிற்சியும் சிகிச்சையும் இருக்கும் ஒரு பிரச்னைக்காக, ஒரு மனுஷி தன் உலகத்தையே நாலு சுவருக்குள் சுருக்கிக்கொள்கிறார்.

கோயிலுக்குப் போவதையே எடுத்துக்கொள்ளுங்கள். குளித்துப் புறப்படுவது, நடப்பது, படி ஏறுவது, பிராகாரம் சுற்றுவது, வழியில் நாலு பேரிடம் பேசுவது எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பக்தி. தொழுகையில் குனிந்து, தரையில் அமர்ந்து, மறுபடி எழுகிறார்கள். சர்ச்சில் எழுந்து நின்று மூச்சு இழுத்துப் பாடுகிறார்கள். வீட்டு டிவியில் நேரலை தரிசனம் போட்டுக் கொடுத்துவிட்டு 'அம்மாவுக்கு ஆன்மிகம் செட் பண்ணியாச்சு' என்று நினைத்தால், காட்சி மட்டும்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது. நடையும் மனுஷங்களும் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். நடக்கவே முடியாதவருக்கு நேரலை பெரிய வரம். முடிந்தவருக்கு அது இன்னொரு சோபா.

'வயசானா அப்படித்தான்' என்பது நோயறிதல் அல்ல

2017-18-ல் நடந்த இந்தியாவின் முதல் தேசிய முதுமை ஆய்வு ஒரு முக்கியமான இடைவெளியைக் காட்டியது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.3 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தன. ஆனால் தங்களுக்கு மனச்சோர்வு என்று மருத்துவ ரீதியாகக் கண்டறியப்பட்டதாகச் சொன்னவர்கள் 0.8 சதவீதம் மட்டுமே. அதாவது பத்தில் ஒரு பங்கு.

மிச்சப் பேர் எங்கே? "தூக்கம் இல்ல", "பசிக்கல", "உடம்பெல்லாம் வலிக்குது" என்று நம் வீடுகளில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மனச்சோர்வு பல பெரியவர்களிடம் உடல் வலியாகத்தான் பேசும். நாம் அதற்குத் தைலம் வாங்கிக் கொடுக்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரிடம் உடல் வலியோடு சேர்த்து மனநிலையையும் சொல்ல வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

வீட்டோடு முடியும் விஷயமா?

இல்லை. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் சுகர், பி.பி மாத்திரைகளையும் பிசியோதெரபியையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது நல்ல விஷயம். மருத்துவம் மக்களைத் தேடி வந்துவிட்டது. பெரியவர்கள் மக்களைத் தேடிப் போக வழி இருக்கிறதா?

பைக் நிற்காத நடைபாதை, ஏறக்கூடிய உயரத்தில் பஸ் படி, சுத்தமான பொதுக் கழிப்பறை, பூங்காவில் சாய்ந்து உட்கார ஒரு பெஞ்ச். இவையும் முதியோர் மருத்துவம்தான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை வேலைக்குப் போகும் பெண்களுக்கான திட்டமாகவே பேசுகிறோம். மகனிடம் காசு கேட்காமல் தங்கச்சி வீட்டுக்குப் போய்வர முடிகிற ஒரு 70 வயது அம்மாவுக்கு அது எவ்வளவு தெம்பு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்போ நாம என்ன செய்யலாம்?

"ரெஸ்ட்டே வேண்டாம்னு சொல்றீங்களா? வாழ்க்கை பூரா உழைச்சவங்க..." என்று கோபம் வரலாம். நியாயமான கோபம். ஓய்வு வேண்டும், ஆனால் எப்போது, எவ்வளவு என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அதேபோல, இரண்டு பேரக்குழந்தைகளையும் முழுநேரமும் தலையில் கட்டிவிட்டு 'ஆக்டிவா இருக்காங்க' என்பதும் அநியாயம். அவர்கள் வேண்டாம் என்று சொல்ல முடிகிற வேலைதான் தெம்பைத் தரும்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சி. இதய நோய், மூட்டுப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம். நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம்.

மற்றது நம் கையில். அப்பா கடைக்குப் போனால் அரை மணி நேரம் கூட ஆகும், ஆகட்டும். யுபிஐ-யை நீங்களே போட்டு முடிக்காமல், அவரே போடும்வரை பக்கத்தில் உட்காருங்கள். ஊரில் இருந்து பேசும்போது "சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு நிறுத்தாமல், உண்மையிலேயே அவர்களுக்குத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள். வீட்டு லோன் விஷயமோ, வத்தக்குழம்பு பக்குவமோ, ஆபீஸ் சண்டையோ எதுவானாலும் சரி. கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது செய்யுங்கள். செய்ததை மறுபடி போன் போட்டுச் சொல்லுங்கள்.