மணிலாவில் நான்கு தோல்வி, ஹாங்சோவில் தங்கம்: பிலிப்பைன்ஸ் கூடைப்பந்தின் 2023

ஒரே அணி, ஒரே ஆண்டு. ஆகஸ்டு மாதம் சொந்த ரசிகர்கள் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். அக்டோபரில் நாடே கொண்டாடியது. பிலிப்பைன்ஸ் தேசியக் கூடைப்பந்து அணிக்கு 2023 இப்படித்தான் கழிந்தது. நடுவில் என்ன மாறியது என்பதுதான் கேள்வி.

நமக்குக் காற்பந்து எப்படியோ, பிலிப்பைன்ஸ் மக்களுக்குக் கூடைப்பந்து அப்படி. கம்பத்துச் சந்திலும் ஒரு வளையம் தொங்கும். ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் 1975-இல் அங்குதான் தொடங்கியது. 1954 உலகப் போட்டியில் அந்நாடு வெண்கலம் வென்றிருக்கிறது. சீ போட்டியில் தங்கம் என்றால் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். 1979-இலும் 1989-இலும் அதைத் தட்டிப் பறித்தது மலேசியா என்பது இன்றைய இளையோர் பலருக்குத் தெரியாத செய்தி. அதன் பிறகு அவர்கள் தங்கத்தை இழந்தது 2022-இல், ஹனோயில், இந்தோனேசியாவிடம். அந்தக் காயத்தோடுதான் 2023-க்குள் நுழைந்தார்கள்.

மே மாதம் கம்போடியா சீ போட்டி. உபசரணை நாடு அமெரிக்காவில் பிறந்த ஆட்டக்காரர்கள் பலருக்குக் கடப்பிதழ் கொடுத்துக் களமிறக்கியது. குழு ஆட்டத்தில் பிலிப்பைன்ஸ் 68-79 என்று தோற்றது. இறுதியாட்டத்தில் அதே கம்போடியாவை 80-69 என வென்று தங்கத்தை மீட்டது. ஆனால், பிலிப்பைன்ஸ் குறை சொல்லும் நிலையில் இல்லை. அதன் நட்சத்திரமான ஜஸ்டின் பிரவுன்லீயும் அமெரிக்கர்தான்; ஜனவரியில்தான் தனிச் சட்டம் இயற்றி அவருக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. 2016 முதல் மணிலாவின் பராங்காய் கினெப்ரா அணிக்கு ஆடி, அந்த ஊர் மக்களின் அன்பைச் சம்பாதித்த பிறகு வந்த குடியுரிமை அது. நீல அடையாள அட்டைக்காக ஆண்டுக்கணக்கில் அலுவலகப் படியேறிய தோட்டத்துக் குடும்பங்களை அறிந்த நமக்கு, ஒரு போட்டிக்காக வழங்கப்படும் கடப்பிதழைப் பார்க்கும்போது உறுத்தத்தான் செய்யும். பிரவுன்லீயின் கதை அந்த வகையில் சேராது.

ஆகஸ்டில் உலகக் கிண்ணம். ஜப்பான், இந்தோனேசியாவோடு சேர்ந்து பிலிப்பைன்ஸ் நடத்தியது. ஆகஸ்டு 25 தொடக்க ஆட்டத்தைப் பார்க்க பிலிப்பைன் அரங்கில் 38,115 பேர் திரண்டார்கள். உலகக் கிண்ண வரலாற்றில் அதுவே உச்சம். பயிற்றுநர் சோட் ரேயஸின் பெயர் அறிவிக்கப்பட்டதுமே கூட்டம் கூச்சலிட்டது. ஒரு நாள் கோபமல்ல, ஹனோய்த் தோல்வியிலிருந்து சேர்ந்து வந்தது.

டொமினிக்கன் குடியரசிடம் 81-87. அங்கோலாவிடம் 70-80. இத்தாலியிடம் 83-90. தென் சூடானிடம் 68-87. கடைசியில் சீனாவை 96-75 என வென்றதுதான் ஒரே ஆறுதல். 32 அணிகளில் 24-ஆவது இடம். ஆசியாவுக்கான நேரடி ஒலிம்பிக் வாய்ப்பு ஜப்பானுக்குப் போனது. சீன ஆட்டம் முடிந்ததும் ரேயஸ் விலகினார்.

இத்தனைக்கும் அணியில் ஜோர்டன் கிளார்க்சன் இருந்தார். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் அப்போது யூட்டா ஜாஸ் அணிக்கு ஆடியவர், தாய்வழியில் பிலிப்பினோ. 16 வயதுக்குப் பிறகு கடப்பிதழ் பெற்றவர்கள் ஓர் அணியில் ஒருவர்தான் ஆடலாம் என்பது அனைத்துலகச் சம்மேளனத்தின் விதி. கிளார்க்சன் வந்தால் பிரவுன்லீக்கு இடமில்லை. எந்த நிர்வாகமும் கிளார்க்சனைத்தான் எடுத்திருக்கும். ஆனால், அவர் மற்றவர்களோடு சேர்ந்து பயிற்சி செய்தது சில வாரங்களே. இக்கட்டான நேரத்தில் பந்து அவர் கைக்குப் போகும். மற்ற நால்வரும் என்ன செய்வார் என்று பார்த்து நிற்பார்கள். முதல் மூன்று தோல்விகளும் பத்துப் புள்ளிக்குள் அடங்கியவை. ஒருவரையொருவர் அறிந்த ஓர் அணி அவற்றில் ஒன்றையாவது வென்றிருக்கும்.

செப்டம்பர் தொடக்கத்தில் டிம் கோன் பொறுப்பேற்றார். அந்த மாதமே ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி தொடக்கம். போதாததற்கு, பெயர் கொடுத்த சில ஆட்டக்காரர்களை ஏற்பாட்டாளர்கள் ஏற்காததால் கடைசி நேரத்தில் மாற்று ஆள் தேட வேண்டியிருந்தது. கோன் புதிதாக எதையும் உருவாக்க முயலவில்லை. அவர் கினெப்ராவின் பயிற்றுநர். பிரவுன்லீ, ஸ்காட்டி தாம்சன், ஜபெத் அகுய்லார் மூவரும் அதே அணியில் அவரிடம் ஆண்டுக்கணக்கில் ஆடியவர்கள். அவர்களை நடுவில் வைத்து மற்றவர்களைச் சுற்றிலும் நிறுத்தினார். தாம்சனும் அகுய்லாரும் ஆகஸ்டில் தோற்ற அணியிலும் இருந்தவர்கள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தொடக்கம் சுகமாக இல்லை. குழு ஆட்டத்தில் ஜோர்டானிடம் 62-87 என்று நொறுங்கினார்கள். கத்தாரை 80-41 என வென்றுதான் காலிறுதிக்கே போக முடிந்தது. காலிறுதியில் ஈரானை வென்றது 84-83. அரையிறுதியில் சீனா, சீன ரசிகர்கள் முன்னிலையில். ஒரு கட்டத்தில் பிலிப்பைன்ஸ் 20 புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசிக் கால் பகுதியில் மட்டும் பிரவுன்லீ 17 புள்ளி எடுத்தார். இறுதி நிமிடத்தில் அவர் எறிந்த மூன்று புள்ளிப் பந்து வளையத்துக்குள் விழ, ஆட்டம் 77-76 என முடிந்தது. அப்போது அவருக்கு வயது 35.

இறுதியாட்டத்தில் மீண்டும் ஜோர்டான். அதன் நட்சத்திரம் ரோண்டே ஹோலிஸ்-ஜெஃபர்சனும் குடியுரிமை பெற்ற அமெரிக்கரே. ஏப்ரலில் மணிலா லீக்கின் இறுதிச் சுற்றில் பிரவுன்லீயின் கினெப்ராவைத் தோற்கடித்த அணியின் தூண் அவர். அதனால் கோனுக்கு அவருடைய ஆட்டம் அத்துப்படி. 70-60 என்ற கணக்கில் தங்கம் வந்தது. 1962 ஜகார்த்தாவுக்குப் பிறகு, 61 ஆண்டுகள் கழித்து.

இதை மந்திரம்போல் பேசுவது சரியல்ல. இரண்டு ஆட்டங்கள் ஒரே புள்ளியில் தப்பியவை. ஜப்பான் தன் முதல்நிலை அணியை அனுப்பவில்லை. இத்தாலிக்கும் டொமினிக்கனுக்கும் எதிராக ஆடுவது வேறு தரம். வெற்றி கிடைத்த ஒரு வாரத்துக்குள் இன்னொரு செய்தியும் வந்தது: பிரவுன்லீயின் சோதனை மாதிரியில் கஞ்சா தொடர்பான தடைப்பொருள் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. குழு விளையாட்டில் ஒருவரின் முடிவால் மட்டும் அணியின் பதக்கம் பறிபோகாது என்பதால் தங்கம் தங்கியது. ஆனால், 35 வயது மனிதர் ஒருவரின் தோளில் எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்துபோனது.

2024 ஜூலையில் ரீகா நகரில் ஒலிம்பிக் தகுதிச்சுற்று இருந்தது. குழுவில் லாட்வியாவும் ஜார்ஜியாவும். லாட்வியா உலகக் கிண்ணத்தில் ஐந்தாவது இடம் பிடித்த அணி. அதுவரை இதே ஆட்டக்காரர்களைப் பயிற்சிக்கு ஒன்றாக வைத்திருக்க வேண்டுமானால், மணிலா லீக்கின் சங்கங்கள் தங்கள் ஆட்டக்காரர்களை விட்டுத்தர வேண்டியிருந்தது. உலகக் கிண்ணத்துக்கு முன்பும் பேச்சு இதைப் பற்றித்தான்.