கப்பல் ஏறும் சேலைக்கு வரி எதற்கு?



இந்தப் பதிவைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். 31 வருஷம் வணிகவியல் பாடம் நடத்தியவன், போன சித்ரா பௌர்ணமிக்கு வந்த விருந்தாளிக்குத் தப்பாக வழி சொல்லிவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று வந்திருந்தது. காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கி, பஸ் பிடித்துத் திருவண்ணாமலை வந்தார்கள். கிரிவலம் முடித்த மறுநாள், மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஆரணிக்கு அழைத்துப் போனேன். பட்டு 80,000 ரூபாய். மத்திய அரசுக்கு இரண்டரை, மாநிலத்துக்கு இரண்டரை என்று வரி 4,000.

அந்த அம்மா பில்லைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சேர், இந்த வரியைக் கப்பல் ஏறேக்க திருப்பித் தருவினமோ? சிட்னியில மகள் வீட்டுக்குப் போய் வரேக்க எயார்போட்டில தந்தவை."

நான் யோசிக்காமல், "சட்டத்திலேயே இருக்கும்மா, பில்லைப் பத்திரமா வையுங்க" என்றேன். நாகை துறைமுகத்தில் விசாரித்தபோது, அப்படி ஒரு ஏற்பாடே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஊர் போய்ச் சேர்ந்து போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சட்டத்தில் இருப்பது பொய்யில்லை. 2017ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு, இந்தியாவை விட்டுப் போகும் சுற்றுலாப் பயணி தன்னோடு எடுத்துச் செல்லும் பொருளுக்குக் கட்டிய வரியைத் திருப்பித் தரலாம் என்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் தங்காமல் வந்து போகிறவர் பயணி என்றும் விளக்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நான் ஏட்டைப் படித்தேன், நடப்பைப் பார்க்கவில்லை.

என் கேள்வி இதுதான். அதே ஆரணி வியாபாரி அதே சேலையை யாழ்ப்பாணத்துக் கடைக்கு ஏற்றுமதி செய்தால் வரி கிடையாது. கட்டியிருந்தாலும் திரும்பக் கிடைக்கும். பொருள் எங்கே உபயோகமாகிறதோ அங்கேதான் வரி என்பது ஜிஎஸ்டியின் அடிப்படை. கல்யாணப் பெண்ணின் அம்மா பையில் எடுத்துப் போனால் மட்டும் அது ஏற்றுமதி இல்லாமல் போய்விடுமா? பெரிய வியாபாரிக்கு ஒரு நியாயம், யாத்திரை வந்தவருக்கு ஒரு நியாயமா?

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். போலி பில் வரும், பில்லைக் காட்டிவிட்டுப் பொருளை இங்கேயே விற்பார்கள், சோதிக்க ஆள் வேண்டும் என்பார்கள். உண்மைதான். பிரிட்டன்கூட 2020 இறுதியோடு தன் கடைகளில் இந்தச் சலுகையைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஆனால் சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் வரம்பு வைத்து நடத்துகின்றனவே. ஆஸ்திரேலியாவில் விமானத்தில் போனாலும் கப்பலில் போனாலும் கேட்கலாம். ஒரே கடையில் 300 டாலருக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும், கிளம்புவதற்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும், பொருளைக் காட்ட வேண்டும்.

நாமும் சின்னதாகத் தொடங்கலாம். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த நாகைக் கப்பல் ஒன்றுதான். அதில் வந்து போகிறவர்கள் அளவான கூட்டம். அந்தத் துறைமுகத்திலும் சென்னை விமான நிலையத்திலும் ஒரு மேஜை போட்டு, கைத்தறிப் பட்டுக்கு மட்டும், இத்தனை ரூபாய்க்கு மேல் என்று வரம்பு வைத்துப் பார்க்கலாமே. 4,000 ரூபாயால் அரசாங்கம் ஏழையாகிவிடாது. அந்தப் பணத்துக்கு அந்த அம்மா இன்னொரு சேலை எடுத்திருப்பார், நம் மாவட்டத்து நெசவாளிக்கு வேலை கிடைத்திருக்கும்.

வெளிநாடு போய் வருகிற என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் வரி இப்போது 9 சதவீதம். ஒரே கடையில் 100 டாலருக்குக் குறையாமல் வாங்கி, இரண்டு மாதத்துக்குள் விமானத்தில் கிளம்பினால் திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். ஜொகூருக்கு பஸ்ஸிலோ பாத்தாமுக்கு ஃபெரியிலோ போனால் கிடையாது. ஆஸ்திரேலியாவில் கப்பல் ஏறுகிறவர்கள், கிளம்ப நாலு மணி நேரம் இருக்கும்போதிலிருந்து ஒரு மணி நேரம் இருக்கும்வரைதான் கேட்க முடியும். கடைசி நிமிஷத்தில் ஓடாதீர்கள்.

இன்னொன்று. அங்கே குடியிருக்கிற பிள்ளை காசு கொடுத்து வாங்கியதை, ஊரிலிருந்து வந்த மாமா பாஸ்போர்ட்டில் காட்டி வரி வாங்குவது தப்பு. எங்கள் வீட்டிலேயே ஒருமுறை அந்த யோசனை வந்தது. நான் மறுத்ததில் ஒருவருக்கு இன்னும் வருத்தம் உண்டு. இருக்கட்டும். உரியதைக் கேட்டு வாங்குவோம், உரியதல்லாததைத் தொடவேண்டாம். வகுப்பில் சொன்னதும் அதுதானே.

ஆடிட்டராகவும் வரித்துறையிலும் இருக்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். 15ஆம் பிரிவை எழுப்பிவிட யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அந்த அம்மாவின் பில் நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.