மணி பார்க்க மொபைல் போதும்... அப்புறம் எதுக்கு 40 லட்ச ரூபாய் வாட்ச்?

கல்வராயன் மலையில் சிக்னல் எட்டாத ஊரிலும் மொபைல் மணி காட்டும், சார்ஜ் இருந்தால் சரி. அப்படியிருக்க, தினமும் சில நொடிகள் முன்னே பின்னே ஓடும் மெக்கானிக்கல் வாட்சுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து, அதுவும் நாலைந்து வாங்கிச் சேர்க்கிறவர்களை என்ன சொல்வது? 'பணத்திமிர்' என்று முடித்துவிடலாம். பாதி உண்மைதான். மீதிப் பாதி சுவாரஸ்யமானது.

2022 டிசம்பர் ஞாபகம் இருக்கா? பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை கட்டியிருந்த ரஃபேல் வாட்சுக்கு பில் எங்கே என்று அமைச்சர் செந்தில் பாலாஜி கேட்க, தமிழ்நாடே வாட்ச் விலை பேசியது. உலகத்திலேயே 500 மட்டும்தான் என்ற விஷயமும் எல்லாருக்கும் தெரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அது ஒரு குரோனோகிராஃப். பட்டனை அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் பற்சக்கரங்களோடு இன்னொரு சக்கரம் போய்ச் சேர்ந்து நொடிகளைத் தனியாக எண்ணும். பேட்டரி கிடையாது, முறுக்கிய ஸ்பிரிங்தான் எல்லாமே.

மணி, நிமிடம், நொடி தவிர ஒரு வாட்ச் கூடுதலாகச் செய்யும் வேலையை இந்தத் தொழிலில் 'காம்ப்ளிகேஷன்' என்பார்கள். அதில் அசரவைப்பது பெர்பெச்சுவல் காலண்டர். 30 நாள் மாதம், 31 நாள் மாதம், லீப் வருடத்து பிப்ரவரி எல்லாம் அதற்குத் தெரியும். நான்கு ஆண்டுக்கு ஒரு சுற்று சுற்றும் சக்கரத்தில், மாதத்தின் நீளத்துக்கு ஏற்ற ஆழத்தில் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். ஓடிக்கொண்டே இருந்தால் 2100 பிப்ரவரி முடியும் வரை தேதியைத் திருத்த வேண்டாம். 2100 லீப் வருடம் இல்லை என்பது மட்டும் அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது!

டூர்பில்லான் இன்னொரு கதை. பாக்கெட்டில் நிமிர்ந்தே நிற்கும் கடிகாரத்தைப் புவியீர்ப்பு தடுமாற வைக்கிறது என்று, அதன் இதயத்தையே சுழலும் கூண்டில் வைத்தார் பிரெகே. 1801-ல் காப்புரிமையும் வாங்கினார். நாள் முழுக்க ஆடும் மணிக்கட்டில் அதற்குப் பெரிய பலன் இல்லை. ஆனாலும் செய்கிறார்கள். நம்ம ஓசூர் டைட்டனும் செய்தது: 2024-ல் 'ஜல்சா' என்று 10 வாட்ச் மட்டும், ஒன்று சுமார் 40 லட்சம். குவார்ட்ஸை வைத்து எச்.எம்.டி.யின் சந்தையைப் பிடித்த கம்பெனி, குவார்ட்ஸுக்கு முந்தைய வித்தைக்குத் திரும்பியதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மரச்சிற்பத்தை இன்று சி.என்.சி. மெஷினும் செதுக்கும். உளி பட்ட மரத்துக்கு ஏன் கூடக் கொடுக்கிறார்கள்? ஒரு மனுஷன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்பதற்காகத்தான். வாட்ச் பைத்தியமும் அதே ஜாதி.

சிக்கல், 'இன்வெஸ்ட்மென்ட்' என்று பேசும்போது வருகிறது. 2021-ல் ஏறிய ரோலக்ஸ், படேக் மறுவிற்பனை விலைகள் 2022-லேயே சரிந்தன. பெரும்பாலான வாட்சுகள் கடையைத் தாண்டியதுமே விலை இறங்குபவை. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்து எண்ணெய் போடும் செலவு தனி. காம்ப்ளிகேஷன் கூடக் கூட அதுவும் கூடும். 2025 அக்டோபரில் அமலான ஒப்பந்தப்படி சுவிஸ் வாட்ச் சுங்கவரி படிப்படியாகக் குறைகிறது. புதுசு மலிந்தால், முழு வரி கட்டி வாங்கிய பழசுக்கு யார் அதிகம் கொடுப்பார்? இ.எம்.ஐ.யில் வாங்கினால் அடி இரட்டை.

ஆசை மெஷின் மேல்தான் என்றால், தாத்தாவின் பீரோவில் தேடுங்க. 1961-ல் சிட்டிசன் துணையோடு தொடங்கி, 2016-ல் மூட முடிவான எச்.எம்.டி.யின் 'ஜனதா' கிடைக்கலாம். சாவி கொடுத்துக் காதருகே வையுங்க. வெளியே வாங்குவதாக இருந்தால் டயலை நல்லா பாருங்க: பழைய டயலைக் கலர் கலராகப் பெயிண்ட் அடித்து விற்பவர்கள் நிறைய. எழுத்து கோணலாக இருந்தால், கேஸ் பழசாகவும் டயல் பளிச்சென்றும் இருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.