முதலில் பற்றரி, பிறகுதான் ட்ரில்

வயர் இல்லாத ட்ரில் ஒன்று வாங்கப் போகிறவரிடம் "என்னத்தைப் பார்த்து வாங்கப் போறாய்?" எண்டு கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கும்: பிராண்ட், விலை, எத்தனை வோல்ட். கொஞ்சம் விசயம் தெரிந்தவர் என்றால் மோட்டர் பிரஷ்லெஸ்ஸா என்று விசாரிப்பார். "இதின்ர பற்றரி செத்தால் இன்னொண்டு எங்க வாங்கலாம்?" என்று கடைக்காரரிடம் கேட்கிறவர்கள் குறைவு. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்பது என்னுடைய கருத்து.

நல்ல ட்ரில் ஒன்றின் மோட்டரும் கியரும் ஒழுங்காகப் பாவித்தால் பல வருடம் உழைக்கும். லிதியம் பற்றரிக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியதும் அது தளரத் தொடங்கும். பாவிக்காமல் அலுமாரிக்குள் வைத்தாலும் அதற்கு வயது போகும். எங்கட வெக்கையில் இன்னும் கெதியாகப் போகும். ஆகவே அநேகமாக ட்ரில் நல்ல நிலையில் இருக்கும்போதே பற்றரி செத்துவிடும். அதே பற்றரி பிறகு கிடைக்காவிட்டால், கையில் இருப்பது விலை கொடுத்து வாங்கின பிளாஸ்ரிக் துண்டு மட்டும்தான்.

வீட்டில் படம் கொழுவ ஒரு ஆணி அடிக்கிறவருக்கு இது பெரிய நட்டமில்லை. ஆனால் இன்றைக்கு எங்கட ஊர்களில் அலுமினியம் பிற்றிங், சீலிங், கமரா பூட்டுறது, சோலர் பூட்டுறது எண்டு தனியாகத் தொழில் தொடங்குகிற இளம் ஆட்கள் நிறையப்பேர். சீட்டு எடுத்த காசிலோ கடன் எடுத்தோதான் முதல் கருவியை வாங்குகிறார்கள். கடன் கட்டி முடிய முதல் பற்றரி முடிந்தால், அவர்களுக்கு அது நாட்சம்பளப் பிரச்சினை. அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வோல்ட் கணக்கைப் பார்ப்போம். 18 வோல்ட் பற்றரி ஒன்றைத் திறந்தால் உள்ளே தொடராக இணைத்த ஐந்து லிதியம் செல் இருக்கும். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட். ஐந்தால் பெருக்கினால் 18. முழுச் சார்ஜில் அதே செல் 4 வோல்ட்டைத் தாண்டும். ஐந்தும் சேர்ந்தால் 20, 21 வரும். அமெரிக்கச் சந்தையில் "20 வோல்ட் மக்ஸ்" எண்டு எழுதி விற்கிற சாமானும் ஐரோப்பாவில் 18 வோல்ட் எண்டு விற்கிற சாமானும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். இதில் பெரிய ஏமாற்று இல்லை. ஏமாற்று எங்கே எண்டால், பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளில் "48", "88", "128" எண்டு பெரிய எழுத்தில் அடித்திருப்பதில்தான். அவற்றையும் கழற்றிப் பார்த்தால் அநேகமாக அதே ஐந்து செல்தான் இருக்கும். இலக்கத்தைக் காட்டி எங்களைப் பேய்க்காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

கடையில் கழற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஆனால் தூக்கிப் பார்க்கலாம். இந்தப் பற்றரிகளில் பரவலாக வரும் 18650 எனும் வகைச் செல், 18 மில்லிமீற்றர் தடிப்பும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. ஒன்று கிட்டத்தட்ட 45 கிராம் நிறை. 4 அம்பியர் மணிப் பற்றரி எண்டால் பொதுவாக இப்படிப் பத்துச் செல் இருக்க வேண்டும். செல் மட்டுமே 450 கிராம் வரும். பெரிய இலக்கம் எழுதின பற்றரி கையில் பஞ்சு மாதிரி இருந்தால், எழுத்தை விட்டுவிட்டுக் கையை நம்புங்கள்.

அடுத்தது, எது எதற்குப் பொருந்தும் என்ற விசயம். வயர் இல்லாத கருவி வாங்கும்போது நீங்கள் உண்மையில் ஒரு பற்றரிக் குடும்பத்துக்குள் போகிறீர்கள். முதல் வாங்கும்போதுதான் பற்றரி, சார்ஜர் எல்லாம் சேர்த்துக் காசு கட்ட வேண்டும். பிறகு அதே குடும்பத்தில் வாள், சாண்டர், புளோவர் எண்டு வெறும் கருவியை மட்டும் குறைந்த விலைக்கு எடுக்கலாம். ஆனால் கொம்பனிப் பெயர் ஒன்று என்பதால் பற்றரியும் ஒன்று என்று நினைக்கக்கூடாது. பொஷ் கொம்பனியின் நீல நிறத் தொழில்முறைக் கருவியும் பச்சை நிற வீட்டுப் பாவனைக் கருவியும் இரண்டுமே 18 வோல்ட். ஒன்றின் பற்றரி மற்றதில் ஏறாது. மகிட்டாவின் 18 வோல்ட் வரிசை 2005 இல் வந்தது, இன்றும் தொடர்கிறது. அதே மகிட்டாவின் 40 வோல்ட் வரிசைக்குப் பற்றரி வேறு. இவர்கள்தான் நல்லவர்கள் எண்டு விளம்பரம் செய்ய இதைச் சொல்லவில்லை. இங்கோ, டோட்டல் போன்றவை எங்கட ஹாட்வெயார் கடைகளில் பரவலாகக் கிடைக்கின்றன. உங்கள் பட்டினத்தில் பற்றரி கைக்கெட்டுகிற ஒரு நடுத்தரப் பிராண்ட், கொழும்பில் கூட ஓடர் பண்ணிக் காத்திருக்க வேண்டிய உயர்ந்த பிராண்டை விட உங்களுக்கு நல்லது. 2022 இல் ரூபாய் விழுந்து இறக்குமதிகளும் கட்டுப்பட்ட காலத்தில் ஒரு சின்ன உதிரிப்பாகத்துக்கு அலைந்தவர்களுக்கு இது விளங்கும்.

இந்த இடத்தில் வெளிநாட்டு உறவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "மாமா கனடாவில இருந்து வரேக்க கொண்டு வாறார்" என்பது எங்கட ஆட்களுக்குப் பெரிய ஆறுதல். கொண்டு வருகிற சாமான் தரமானதாகவும் இருக்கும். ஆனால் கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சார்ஜரின் அடியில் 120 எண்டு மட்டும் எழுதியிருந்தால் அதை இங்கே நேரே குத்தக்கூடாது. குத்தினால் அத்தோடு சரி. 100 முதல் 240 வரை எண்டு இருந்தால் பயமில்லை. ஜப்பானில் இருந்து வரும் பழைய கருவிகளுக்கும் இதே கதைதான், அங்கே 100 வோல்ட். லண்டனில் இருந்து வருவதென்றால் மின்சாரமும் 230, பிளக்கும் எங்கட மூன்று சதுரக் கால் பிளக்தான்.

விமானத்தில் கொண்டு வருவதற்கும் கணக்கு இருக்கிறது. தனியாக எடுத்து வருகிற லிதியம் பற்றரி கைப்பைக்குள்தான் வர வேண்டும், பெரிய பைக்குள் போடக்கூடாது. 100 வாட் மணி வரைக்கும் பொதுவாக அனுமதி கேட்கத் தேவையில்லை. அதற்கு மேல் 160 வரைக்கும் விமான நிறுவனத்திடம் முன்னரே கேட்க வேண்டும். வோல்ட்டை அம்பியர் மணியால் பெருக்குங்கள்: 18 வோல்ட், 5 அம்பியர் மணி எண்டால் 90, பிரச்சினை இல்லை. 6 எண்டால் 108, கேட்க வேண்டும். மாமாவிடம் ட்ரில்லின் பெயரைச் சொல்லி அனுப்ப முதல், அதன் பற்றரி இங்கே விற்குதோ எண்டு நீங்கள் ஒருக்கால் விசாரித்து வையுங்கள்.

இனி, எல்லாத்தையும் வயர் இல்லாமல் வாங்க வேண்டுமா? தேவையில்லை. கிரைண்டரை எடுங்கள். வயர் உள்ள சாதாரண நாலு இஞ்சிக் கிரைண்டர் 700 வாட் அளவில் இழுக்கும். 18 வோல்ட், 4 அம்பியர் மணிப் பற்றரியில் இருப்பது மொத்தம் 72 வாட் மணி. அதே பலத்தில் தொடர்ந்து வெட்டினால் ஆறு நிமிடத்தில் பற்றரி காலி. பட்டறை மேசையில் இருந்து கம்பி வெட்டுகிறவருக்கு வயர் கிரைண்டர்தான் சரி. விலையும் குறைவு, காபன் பிரஷ் தேய்ந்தால் சில நூறு ரூபாயில் மாற்றலாம். ட்ரில்லும் ஸ்குரு பூட்டுகிற டிரைவரும் அப்படி இல்லை. விட்டு விட்டு ஓடுகிறவை என்பதால் ஒரு சார்ஜில் நிறைய வேலை முடியும். கூரையில் ஏறுகிறவருக்கும், கரண்ட் இன்னும் எடுக்காத புது வீட்டில் நிற்கிறவருக்கும் இவைதான் வயர் இல்லாமல் வேண்டும். மழை பெய்த முற்றத்தில், ஒட்டுப் போட்ட வயரை இழுத்துக்கொண்டு வேலை செய்து கரண்ட் அடித்த கதைகள் எங்கட ஊரில் குறைவில்லை. வயர் இல்லாத கருவியின் உண்மையான பெறுமதி அங்கேதான் இருக்கிறது.

கிரைண்டரைப் பற்றிச் சொன்னதால் இன்னொரு வசனம். மூடியைக் கழற்றிவிட்டு நாலு இஞ்சி மெசினில் ஏழு இஞ்சித் தட்டுப் போடுகிற பழக்கத்தை விடுங்கள். ஏழு இஞ்சித் தட்டு நிமிடத்துக்கு 8,500 சுற்று அளவுக்குத்தான் செய்யப்பட்டது. சின்ன மெசின் 11,000 சுற்றுக்கு மேல் ஓடும். தட்டு வெடித்தால் முகம்தான் முன்னுக்கு நிற்கும்.

பராமரிப்பு எண்டால் எண்ணெய் விடுவது மட்டும் எண்டு நினைக்கிறோம். பற்றரிக்கு முதல் எதிரி வெக்கை. தகரக் கொட்டிலுக்குள்ளும், மத்தியான வெயிலில் நிற்கிற மோட்டர் சைக்கிள் சீற்றுக்குக் கீழும், ஓட்டோவின் பின்பக்கத்திலும் அது மெல்ல மெல்லச் சாகிறது. கொங்கிறீற் துளைத்து முடித்த சூட்டோடு சார்ஜரில் போடக்கூடாது. ஒரு தேத்தண்ணி குடித்து முடிகிற நேரம் ஆற விட்டால் போதும். ட்ரில் இழுவை குறைந்து முனகத் தொடங்கினால் நிறுத்திச் சார்ஜ் போடுங்கள். கடைசித் துளி வரை பிழியாதீர்கள். ஒரு மாதத்துக்கு வேலை இல்லை எண்டால் பாதிச் சார்ஜில், நிழலான இடத்தில், கருவியில் இருந்து கழற்றி வையுங்கள். கரண்ட் கட் ஆகித் திரும்பி வந்த உடனே சார்ஜரைக் குத்தாமல் கொஞ்சம் பொறுங்கள். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் பற்றரியின் உலோக வாய்களைக் காய்ந்த துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். உப்புக் காற்று அதிலும் கறள் பிடிக்க வைக்கும். சார்ஜ் போடுவது சீமெந்து நிலத்தில் நடக்கட்டும். கட்டிலுக்குக் கீழேயோ மெத்தையிலோ வேண்டாம்.

செத்த பற்றரிக்குப் புதுச் செல் போட்டுத் தருகிறோம் என்று சில கடைகள் சொல்கின்றன. நல்ல தொழில், எங்கட பெடியள் இன்னும் கனபேர் பழக வேண்டிய தொழில். ஆனால் எந்தச் செல் போடுகிறார்கள் எண்டு கேளுங்கள். பழைய லப்டொப்பில் கழற்றின செல் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ட்ரில் ஒரேயடியாக இழுக்கிற மின்னோட்டத்தை அது தாங்காது, சூடேறும். செல்லின் தலையில் நேரே ஈயம் வைத்து ஒட்டுவதும் செல்லைக் கெடுக்கும். அதற்கு ஸ்பொட் வெல்டிங் வேண்டும்.

இனி எனக்கு உண்மையில் கோபம் வருகிற விசயத்துக்கு வருகிறேன். வாழ்வாதார உதவி எண்டு பனர் கட்டி, படம் எடுத்து, இளம் ஆட்களுக்குக் கருவிப் பெட்டி கொடுக்கிறார்கள். கொடுப்பது நல்லதுதான். ஆனால் பெட்டிக்குள் இருக்கிற ட்ரில்லின் பற்றரி அந்த மாவட்டத்தில் எங்கே கிடைக்கும் எண்டு கொடுக்கிறவர் யோசிப்பதில்லை. அடுத்த வருடம் வேறொரு அமைப்பு வேறொரு பிராண்டில் இன்னொரு பெட்டி கொடுக்கும். ஒரே ஒழுங்கையில் நாலு வீட்டில் நாலு விதச் சார்ஜர், ஒருவருக்கும் ஒருவர் உதவ முடியாது. பெட்டி எண்ணிக்கையைக் கூட்டுவதை விட, ஒரே வகையில் பாதிப் பெட்டியும் மீதிக் காசுக்கு மேலதிகப் பற்றரியும் கொடுத்தால் அந்தத் தொழில் கூடக் காலம் நிற்கும்.

அது அவர்கள் கையில். எங்கள் கையில் இருப்பது ஒன்று. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் சனசமூக நிலையத்தில் கதிரையும் கிடாரமும் எடுத்துப் பழகின ஊர் நாங்கள். ஒருவருமே தனித்தனியாகக் கிடாரம் வாங்கி வைப்பதில்லை. ட்ரில்லுக்கும் அதே புத்தி பொருந்தும். ஒன்றாகப் படித்த நாலு பெடியளோ பெட்டையளோ ஒரே பற்றரிக் குடும்பம் என்று முதலிலேயே பேசி முடிவெடுத்தால், ஒருவர் ட்ரில்லும் இன்னொருவர் வாளும் மற்றவர் சாண்டரும் வாங்கலாம். ஒருவரின் பற்றரி இறங்கினால் மற்றவரின் பற்றரி ஏறும். சனசமூக நிலையத்தில் இரண்டு சார்ஜரும் ஒரு கொப்பியும் வைத்தால், யார் எதைக் கொண்டு போனார்கள், எப்ப திருப்பினார்கள் என்ற கணக்கும் இருக்கும். நாலு பேர் ஒரே பற்றரியைத் தேடினால், பட்டினத்துக் கடைக்காரரும் அதை எடுத்து வைப்பார்.

அதுக்கெல்லாம் இன்னும் காலம் எடுக்கும் எண்டால் பரவாயில்லை. இந்தக் கிழமை கடைக்குப் போகிறவர் பெட்டியைத் திறக்கச் சொல்ல முதல், "அண்ணை, இதின்ர பற்றரி தனிய இருக்கோ? என்ன விலை?" எண்டு கேளுங்கள். இருக்கு எண்டால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லை எண்டால், ட்ரில் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அடுத்த கடைக்கு நடவுங்கள்.