சாம்பலுக்குச் சிமெண்ட் தந்த நற்பெயர்

நிலக்கரிச் சாம்பல் ஏறக்குறைய மண்தான். சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிற மூலப்பொருளைப் போய் நச்சுக் கழிவு என்று பயமுறுத்தலாமா என்பது அனல்மின் நிலையங்களுக்காகப் பேசுகிறவர்கள் கேட்கும் வழக்கமான கேள்வி. சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு என்று பட்டியலும் கொடுப்பார்கள். பட்டியல் சரிதான். ஆபத்து அதில் சேர்க்காமல் விட்ட மிச்சத்தில் இருக்கிறது.

கரி எரியும்போது கார்பன் போய்விடும். ஈயம், குரோமியம், ஆர்சனிக் போன்றவற்றில் பெரும்பகுதி சாம்பலோடு தங்கிச் செறிவு கூடும். ஆர்சனிக்கும் செலினியமும் உலைச்சூட்டில் ஆவியாகி, புகை குளிரும்போது சாம்பல் துகள்களின் மேலேயே வந்து படிகின்றன. துகள் சிறுக்கச் சிறுக்க எடைக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால், நுண்துகளில்தான் நச்சும் அதிகம். நுரையீரலின் அடி ஆழம்வரை போவதும் அதே நுண்துகள். தண்ணீர் பட்டால் எளிதில் கரைவதும் மேலே படிந்ததுதான். வயல் மண் இப்படி உருவானதல்ல.

இந்திய நிலக்கரியில் நச்சு உலோகம் குறைவு என்பது அடுத்த சமாதானம். கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நம் கரியில் சாம்பலே 30 முதல் 45 விழுக்காடு. மூன்று லாரி எரித்தால் ஏறக்குறைய ஒரு லாரி சாம்பலாகத் திரும்பி வரும். (எதிர்ப்பவர்களிலும் சிலர் கதிரியக்கம் என்று மிரட்டுகிறார்கள். சாம்பலின் கதிரியக்கம் பெரும்பாலும் சாதாரணப் பாறைகளின் அளவையொட்டியதே. அந்த மிரட்டல் இல்லாமலே வழக்கு வலுவாகத்தான் இருக்கிறது.)

சிமெண்டில் இறுகிய உலர் சாம்பலிலிருந்து நச்சு கசிவது வெகுவாகக் குறையும் என்பதை நானும் மறுக்கவில்லை. அந்த நற்பெயரைத் தண்ணீரில் கலந்து குட்டைக்கு அனுப்பும் சாம்பலுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்வதைத்தான் மறுக்கிறேன். வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் கூழ் குழாய் வழியே செப்பாக்கம் குட்டைக்குப் போகிறது. வழியில் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கொட்டியது ஒருமுறை இருமுறை அல்ல. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் காலடியில் சேறு இருந்த இடத்தில் சாம்பல் படிந்தது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதற்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது.

குட்டையின் கரையாவது நிற்குமா? மத்தியப் பிரதேசத்தின் சாசனில் 2020 ஏப்ரல் 10 அன்று கரை உடைந்து, குழந்தைகள் உட்பட 6 பேர் சாம்பல் சேற்றில் மாண்டார்கள். அமெரிக்காவின் கிங்ஸ்டனில் 2008 டிசம்பரில் உடைந்தபோது உடனே யாரும் சாகவில்லை. ஆனால் அதை அள்ளிய தொழிலாளர்கள் நோயுற்று வழக்குப் போட்டார்கள். ஒப்பந்த நிறுவனம் அவர்களைக் காக்கத் தவறியது என்றும், அந்தச் சாம்பல் அவர்கள் சொன்ன நோய்களை உண்டாக்கக்கூடியது என்றும் 2018இல் ஜூரி முடிவு சொன்னது.

சாம்பல் பயன்பாடு 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதே என்பார்கள். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில் பள்ள நிலத்தை நிரப்புவதும் பழைய சுரங்கத்தில் கொட்டுவதும்கூடப் பயன்பாடுதான். அதோடு, அந்த விழுக்காடு அந்தந்த ஆண்டின் சாம்பலை வைத்துப் போடுவது. குட்டைகளில் பல ஆண்டாகக் கிடப்பது எவ்வளவு என்று அது சொல்லாது. அதைக் காலிசெய்ய மத்திய அரசின் 2021 டிசம்பர் அறிவிக்கை 10 ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது.